கவிதையின் உணர்வுநிலையைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஒரு பாடலின் உணர்வுநிலையைக் கற்பிக்கும்போது நேரும் பெரும்பிழை, அவ்வுணர்வின் பெயரைப் பாடலுக்கு முன்பே சொல்லிவிடுவதாகும். "தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய சோகப் பாடல் இது" என்று பாடம் தொடங்கினால், மாணவர் தாமே கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பாரி ஆண்ட பறம்பு மலை என்று கருதப்படும் பிரான்மலை சிங்கம்புணரிக்கு அருகில் இருப்பதால், செட்டிநாட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பாரியின் கதை முன்பே தெரிந்திருக்கும். அதனாலேயே இங்கு அக்கதையைச் சற்றுத் தள்ளிவைத்து, புறநானூற்றின் 112ஆம் பாடலை முதலில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

சொல்லுக்குச் சொல் உணர்வை ஒட்டிவைப்பது அடுத்த தவறு. நிலவு என்றால் மகிழ்ச்சி, இருள் என்றால் அச்சம், மழை என்றால் குளிர்ச்சி என்று பட்டியல் எழுதிப்போட்டுப் பழக்கினால், மாணவர் இந்தப் பாடலில் வெண்ணிலவைக் கண்டவுடன் மகிழ்ச்சி என்றே விடை எழுதுவர். இங்கே நிலவு அன்றும் இன்றும் ஒரே வெண்மையோடு இருக்க, அதன் கீழ் வாழ்ந்தவர்களின் நிலை மட்டும் தலைகீழாகிவிட்டது. அந்த மாறாமைதான் துயரத்தைக் கூர்மையாக்குகிறது. பாடலில் அழுதல், கண்ணீர், துன்பம் என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை என்பதை மாணவர்களே தேடி உறுதிசெய்யட்டும். பிறகு எது மாறியது என்று கேட்டால், "அற்றை" "இற்றை" ஆனதையும் "உடையேம்" "இலமே" ஆனதையும் காட்டுவார்கள். இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால், முதலில் தந்தையும் பின்னர்க் குன்றுமாக நின்ற வரிசை, இழப்பைச் சொல்லும்போது குன்றும் பின்னர்த் தந்தையுமாக மாறி, மிகப் பெரிய இழப்பைக் கடைசிச் சொல்லுக்கென வைத்திருப்பதையும் கண்டுகொள்ளும் பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார். அந்த ஒரு கண்டுபிடிப்புக்காக முழுப் பாடவேளையையும் செலவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பொழிப்புரையைச் சொல்லி முடித்தபின் உணர்வைப் பற்றிக் கேட்பதும் பயன் தருவதில்லை. உரைநடையில் வந்து சேர்வது செய்தி மட்டுமே. "இலமே" என்று நீண்டு ஓயும் ஓசை பாடலில்தான் இருக்கிறது. ஆகவே பொருள் விளங்காத சொற்களை மட்டும் சுருக்கமாக விளக்கிவிட்டு, மீண்டும் பாடலுக்கே திரும்ப வேண்டும்.

மகிழ்ச்சி, சோகம் என்ற இரண்டு சொற்களோடு மாணவரை நிறுத்திவிடுவது பலரும் கவனிக்காத குறை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்று தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்வதோடு, அழுகை ஒன்றுக்கே இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என நான்கு காரணங்களையும் பிரித்துக் காட்டுகிறது. இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யச் சொல்வது வேறொரு தவறு. பாரி மகளிரின் துயரம் இந்த நான்கில் எதனோடு பொருந்துகிறது, ஏன் என்று விவாதிக்கச் சொன்னால் அதே பட்டியல் அவர்களுக்குக் கருவியாகிவிடும். இந்த எட்டுக்குள்ளும் எளிதில் அடங்காத பாடல்கள் உண்டு. மகிபாலன்பட்டியோடு சேர்த்துப் பேசப்படும் கணியன் பூங்குன்றனாரின் பாடலில் "யாதும் ஊரே" என்ற முதலடியை மட்டும் எடுத்து முழக்கமாகக் கற்பிப்பதால், வாழ்வை இனிது என்று மகிழ்வதும் இல்லை, வெறுத்து இன்னாது என்பதும் இல்லை என்று ஆற்றில் மிதக்கும் புணையை (தெப்பத்தை) காட்டிச் சொல்லும் அதன் அமைதி மாணவருக்குத் தெரியாமலே போகிறது.

"உனக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே சரி" என்று எல்லா விடைகளையும் ஏற்பதும் தவறுதான். நிலவைப் படித்ததும் ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வரலாம். அது அவரது உணர்வு, மதிக்கத்தக்கது, ஆனால் பாடல் எழுப்பும் உணர்வு அன்று. எந்த அடி அப்படி நினைக்கவைத்தது என்ற கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்டும்.

எழுதிப் பார்க்காமல் பாடத்தை முடிப்பதையும் தவிர்க்க வேண்டும். செட்டிநாட்டில் அதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. திருமணத்திற்காகத் திறந்து வளவெல்லாம் ஆட்கள் நிறைந்த பெரிய வீட்டைப் பற்றி நான்கு வரிகளும், பூட்டிக் கிடக்கும் அதே வீட்டைப் பற்றி நான்கு வரிகளும், உணர்ச்சியின் பெயரை எங்கும் சொல்லாமல் எழுதச் செய்யலாம். இரண்டிலும் அதே தூண்கள், அதே முற்றம், அதே வெயில் வர வேண்டும் என்று நிபந்தனை விதித்தால், எந்தச் சொல் வீட்டை நிறைக்கிறது, எது வெறுமையாக்குகிறது என்று அவர்களே தேர்ந்தெடுக்க நேரிடும். மதிப்பிடும்போது உணர்வின் பெயருக்கு ஒரு மதிப்பெண் போதும். மற்றவை சான்றாகக் காட்டும் சொல்லுக்கும், அச்சொல் எப்படி அவ்வுணர்வை எழுப்புகிறது என்ற விளக்கத்துக்கும் உரியவை.