ஸ்க்ரூ போட்ட இடத்துக்கு மேலே உள்ள டிஸ்க்கைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் கீழ்முதுகில் எல்4, எல்5 எனப்படும் நான்காம், ஐந்தாம் எலும்புகளை அறுவைச் சிகிச்சையில் இணைத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. ஏழாம் ஆண்டில் ஒரு நாள் படி இறங்கும்போது இடது முழங்கால் திடீரென்று மடங்கியது. தொடையின் முன்பக்கம் மரத்திருந்தது. ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று பதறினேன். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ அசையாமல் இருந்தது, எலும்பும் நன்றாக ஒட்டியிருந்தது. கெட்டுப்போயிருந்தது அதற்கு மேலே உள்ள எல்3–எல்4 டிஸ்க், அதாவது அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு.

ஆகவே முதலில் வலி எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். என் பழைய வலி பிட்டத்தில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் வரை போகும். புதியது தொடையின் முன்பக்கம், கெண்டைக்காலின் உள்பக்கம். ஒரு தாளில் காலை வரைந்து, பழைய வலியை நீலத்திலும் புதியதைச் சிவப்பிலும் தீட்டி மருத்துவரிடம் காட்டினேன். நரம்பு வேறு என்று அவருக்கு உடனே புரிந்தது. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் முன்தொடையில் வலிக்கும் என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இணைத்த மூட்டு அசையாது. அது செய்துவந்த வளைவு வேலை அக்கம்பக்கத்து மூட்டுகளின் தலையில் விழுகிறது. வயதும் சேர்ந்துகொள்கிறது, இரண்டில் எதன் பங்கு அதிகம் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்முதுகில் இணைப்புச் செய்தவர்களில் 36.1 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் அடுத்த மூட்டிலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று கணித்தது. அந்த எண்ணைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைக் கண்டதும் கலங்காதீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களில் கூட, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் அது தெரிகிறது என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. படத்தில் தெரிவது உங்கள் வலியோடும் பலவீனத்தோடும் பொருந்துகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இனி குனிவது. நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். கீழ்த்தட்டுதான் என் எதிரி. பிசியோதெரபிஸ்ட் ஒரு துடைப்பக் கம்பை என் முதுகோடு வைத்துப் பிடிக்கச் சொன்னார். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்றிலும் கம்பு பட வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். முதல் நாள் பாதி குனிவதற்குள் வால் எலும்பிலிருந்து கம்பு விலகியது. அது விலகும் கணத்தில் இடுப்பு மூட்டு நின்றுவிட்டு முதுகு வளையத் தொடங்குகிறது என்று பொருள். மூன்று வாரம் கம்போடு பழகிய பிறகுதான் கம்பில்லாமல் வந்தது. இப்போது கீழ்த்தட்டுக்கு ஒரு முழங்காலை ஊன்றி அமர்கிறேன். புத்தகக் கட்டை மார்போடு அணைத்தே எழுகிறேன். 1999இல் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானி வைத்து அளந்தார்கள்: நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கினால் 2.3, அதே எடையை உடலோடு ஒட்டிப் பிடித்திருந்தால் 1.1.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதீர்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். நான் காலுறையைக்கூட அதன் பிறகே அணிகிறேன். புகைப்பவர் என்றால் நிறுத்துங்கள். எலும்பு ஒட்டுவதற்கும் டிஸ்க்குக்கும் அது கேடு.

தினமும் நடக்கிறேன். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நீட்டிப் பத்து நொடி நிறுத்தும் பயிற்சியும் செய்கிறேன். எலும்பு ஒட்டிவிட்டது என்று அறுவை மருத்துவர் சொல்லும்வரை இதைத் தொடங்கக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும்போது பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். நின்றபடி முன்னும் பின்னும் வளைந்து எடுக்கும் எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் எலும்பு நழுவுவது தெரியாமல் போகலாம். எத்தனை நிமிடம் நடந்ததும் கால் கனத்து உட்காரத் தோன்றுகிறது என்று குறித்து வையுங்கள். என் நோட்டில் 22, பிறகு 15, பிறகு 9 என்று இருந்தது. 'ரொம்ப வலிக்கிறது' என்று நான் மாதக்கணக்கில் சொல்லியும் ஆகாத காரியம் அந்த மூன்று எண்களால் ஆனது. ஓர் ஊசியும் ஆறு மாதப் பயிற்சியும் எனக்குப் போதுமானதாக இருந்தன. இப்போது 40 நிமிடம் நடக்கிறேன். சிலருக்கு மறு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இவற்றுக்கு மட்டும் நோட்டு எழுதிக் காத்திருக்காதீர்கள்: தொடைகளுக்கு நடுவே, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அறியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரு கால்களும் வலுவிழப்பது. நள்ளிரவானாலும் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.