உள்ளங்கைக்கு அடங்காத போன்

மார்த்தாண்டத்தில் செல்போன் பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பதினேழு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். போன் வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. திரை முழுக்கச் சிலந்தி வலை. எப்படி விழுந்தது என்று கேட்டேன். "ஒரு கையில்தான் வைத்திருந்தேன் அண்ணா. மேல் மூலையைத் தொடப் போனேன், நழுவிவிட்டது" என்றான். 2013-இல் என் வீட்டில் நான் சொன்ன அதே வார்த்தைகள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கேமராவையும் பேட்டரியையும் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பில் இல்லாமல் வாங்கக் கூடாது, மட்டமான சார்ஜரைச் செருகக் கூடாது என்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். போனின் உருவ அளவில் ஏமாறுவதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

அங்குலத்தைக் கேட்டு வாங்குவது

"ஆறே முக்கால் இஞ்சில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் நுழைகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற கேள்வி இது. அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோடு. அந்தக் கோட்டை யாரும் கையில் பிடிப்பதில்லை. பிடிப்பது அகலத்தை.

பத்து வருடம் முன்பு எங்கும் இருந்த 16:9 விகிதத் திரை (உயரம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 5.5 அங்குலம். கணக்குப் போட்டால் அகலம் ஏறக்குறைய 68.5 மில்லிமீட்டர் வரும். இப்போது சாதாரணமாகக் கிடைக்கிற 20:9 விகிதத் திரை 6.5 அங்குலம். அதன் அகலம் 68-ஐத் தொடவில்லை. ஓர் அங்குலம் கூடிய பிறகும் அகலம் ஒரு மயிரிழை குறைந்தே இருக்கிறது. கூடியது உயரம், 122 மில்லிமீட்டரிலிருந்து 151-க்கு. தென்னை மாதிரி மேலே போயிருக்கிறது, பலா மாதிரிப் பருக்கவில்லை.

2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தபோது, தோசைக்கல்லைக் காதில் வைத்துப் பேசுகிறான் என்று கிண்டல் செய்தோம். அதன் திரை 5.3 அங்குலம்தான். ஆனால் உடலின் அகலம் கிட்டத்தட்ட 83 மில்லிமீட்டர். 2024-இல் வந்த ஐபோன் 16 புரோ மேக்ஸின் திரை 6.9 அங்குலம், அகலம் 77.6. எண்ணைப் பார்த்தால் புதியதுதான் ராட்சசன். விரலை விரிக்க வைப்பது பழையது. அதற்காகப் புதியது கைக்கு இதம் என்று சொல்ல வரவில்லை. பழையது 178 கிராம், புதியது 227. இது வேறு வழியில் கையைப் படுத்தும். அங்குலக் கணக்கு இந்த இரண்டில் எதையுமே உங்களுக்குச் சொல்லாது.

என் கதைக்கு வருகிறேன். 2013-இல் நான் வாங்கியது 6.3 அங்குலம், 88 மில்லிமீட்டர் அகலம், 199 கிராம். கம்பெனிப் பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. கடையில் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு பாட்டை முழுதாகப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பதினோராவது நாள், வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வருகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு கையில் மேல்கம்பி, மறு கையில் போன். தக்கலை நெருங்கும்போது ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு, திரும்பிப் போகும் அம்புக்குறியைத் தொடப் பெருவிரலை நீட்டினேன். அது இருந்தது இடது மேல் மூலையில். போன் இருந்ததோ வலது கையில். விரல் எட்டுவதற்குள் போன் கவிழ்ந்து, படிக்கட்டின் இரும்பு விளிம்பில் விழுந்தது.

அந்த மாடலுக்குக் காம்போ, அதாவது தொடுகண்ணாடியும் திரையும் சேர்ந்த தொகுதி, இங்கே யாரிடமும் இல்லை. சென்னையிலிருந்து வர மூன்று வாரம் பிடித்தது. விலை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழுதுபார்ப்பவனான எனக்கே அந்த விலை! கூலி மட்டும்தான் மிச்சம். மாட்டி முடித்த கையோடு பாதி விலைக்கு விற்றேன்.

ஏன் கவிழ்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. ஒற்றைக் கையில் நாம் போனின் கீழ்ப்பாதியைத்தான் பிடிக்கிறோம். எடையின் நடுப்புள்ளி கைப்பிடிக்கு மேலே நிற்கிறது. தூரத்து மூலைக்குப் பெருவிரல் போக வேண்டுமென்றால் உள்ளங்கை விலக வேண்டும், மற்ற விரல்களும் பிடியைத் தளர்த்த வேண்டும். பிடி தளர்கிற அதே நொடியில் மேல்பாரம் சாய்கிறது. இதைத் தடுக்கத்தான் பலர் சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள். அரை மணி நேரம் அப்படிப் பிடித்தால் அந்த விரல் கடுக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே முதலில் அகலம், அடுத்து எடை, கடைசியில் உயரம். கம்பெனியின் விவரப் பட்டியலில் மூன்றும் இருக்கும். என் கைக்கு 75 மில்லிமீட்டர், 200 கிராம்; அதுதான் எல்லை. நீளமான விரல் உள்ளவர்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டியது இரண்டு கைப் பொருள். தெரிந்து வாங்கினால் ஒன்றும் குற்றமில்லை. நான் தெரியாமல் வாங்கினேன்.

டம்மியைத் தூக்கிப் பார்ப்பது

டம்மி என்பது கடையில் பார்வைக்கு வைத்திருக்கும் வெற்று மாதிரி. அதற்குள் பேட்டரி இல்லை, உண்மையான எடை தெரியாது. உயிருள்ள போனைக் கேளுங்கள். எழுந்து நின்று, மறு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் நான்கு வரி தட்டிப் பாருங்கள்.

கண் மங்கிய அம்மாவுக்குப் பெரிய போன் அனுப்புவது

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பாசத்தில் செய்கிற தவறு இது. கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மகன் அனுப்பிய போன், 6.8 அங்குலம். "மக்களே, இதைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. எழுத்தும் பழையதில் இருந்த மாதிரிதான் இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது சரி. திரை பெரிதானால் எழுத்தும் அந்த அளவுக்குப் பெரிதாகும் என்பது நம் கற்பனை. பெரும்பாலும் எழுத்து அதே உயரத்தில் இருக்கும்; ஒரே பார்வையில் இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக்குவது அமைப்புகளில் உள்ள எழுத்தளவு என்ற ஒரு கோடு. அவருடைய பழைய 6.1 அங்குலப் போனிலேயே அந்தக் கோட்டை இரண்டு படி வலப்பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். பெரியது இப்போது மேசையில் சாய்த்து வைத்து மகனோடு வீடியோவில் பேச மட்டும். அதற்கு அது அருமையான பொருள்தான்.

சட்டைப் பையை மறப்பது

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். ஒரு கையில் கத்தி, சட்டைப் பையில் போன். என் சட்டைப் பையின் ஆழம் 13 சென்டிமீட்டர். இன்றைய பெரிய போனின் உயரம் 16-க்கு மேல். மூன்று சென்டிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்கும். சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றக் குனிந்தால் போனும் கூடவே வாளிக்குள். தண்ணீரில் விழுந்ததைக் காய வைத்துப் பார்க்கலாம். ரப்பர் பால் சார்ஜர் துளையிலும் ஒலிபெருக்கித் துளையிலும் உறைந்துவிடும். ஊசியால் கிண்டிக் கிண்டி எடுத்த நாட்கள் எனக்குண்டு. அந்த வேலைக்கு யாரும் நியாயமான கூலி கொடுத்ததில்லை.

கவரைக் கணக்கில் சேர்க்காதது

நான்கு மில்லிமீட்டர், நாற்பது கிராம். கூட்டிக்கொள்ளுங்கள்.

மடித்தால் சிறிதாகிவிடும் என்று நம்புவது

அகலத்தில் உண்மை. 2019-இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டை மடித்தால் 63 மில்லிமீட்டர்தான்; குழந்தை கைக்கும் அடங்கும். எடை 260 கிராமுக்கு மேல். மடித்தால் எடை குறைவதில்லை.

உள்ளே இருக்கும் வசதியைத் தேடாதது

பெரிய போனை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இது. 2014-இல் ஐபோன் 6, 6 பிளஸ் வந்தபோதே, திரையின் மேல்பகுதியைப் பெருவிரல் எட்டும் இடத்துக்கு இறக்கித் தரும் வசதியை ஆப்பிள் வைத்துவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் ஒற்றைக் கைப் பயன்முறை என்று தேடினால் கிடைக்கும். கூகுள் விசைப்பலகையையும் ஒரு பக்கமாக ஒதுக்கலாம். 2021-இல் ஐபோனின் சஃபாரி முகவரிப் பட்டையே கீழே இறங்கிவிட்டது. போன் தயாரிக்கிறவர்களுக்கே மேல் மூலை எட்டாது என்று தெரிந்துதான் இருக்கிறது.

இத்தனை இருந்தும், என் மேசைக்கு வரும் பத்துப் போனில் ஒன்றில்கூட இதை இயக்கி வைத்திருப்பதை நான் பார்ப்பது அரிது. அந்தக் கல்லூரிப் பையனின் போனில் காம்போவை மாற்றிய பிறகு நானே இயக்கிவிட்டேன். திரை பாதிக்கு இறங்கியதும் அவன் முகம் வாடிவிட்டது. "திரும்பவும் கெட்டுவிட்டதா அண்ணா?" என்றான்.