வி.கே.புரத்தில் வீடு வாங்கும் முன்

நெல்லை மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்தில் (வி.கே.புரம்) வீடு பிடித்துப்போனால் உடனே அட்வான்ஸைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக் கூட்டம் இந்த வழியாகத்தான் மலையேறும், மெயின் ரோட்டோரம் வீடு என்றால் அந்தச் சில நாள் வண்டியை வெளியே எடுப்பதே பாடு.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரை நம்பி மில் போட்டார்கள், வேலைக்கு வந்த சனமெல்லாம் இங்கேயே குடியேறியது, அதனால்தான் கோயில் கொடை மேளமும் மாதா கோயில் மணியும் பாங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்கலாம். மில்லை நம்பி ஊரே ஓடிய காலம் போய்விட்டது, பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று சிதறிவிட்டார்கள். வீடு வாங்குகிறவருக்குத் தலைவலி இங்கேதான்.

இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் வீட்டைப் பேரன்களில் ஒருவர் மட்டும் வந்து விற்பார். அந்த இறந்தவர் எந்த மதம் என்பது பத்திரத்துக்கு முக்கியம். உயில் எழுதாமல் இறந்தவர் இந்து என்றால் மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் வாரிசு, இந்த அம்மாவைத்தான் எல்லோரும் மறந்துபோவார்கள். கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு, பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். துபாயிலிருந்து பவர் (விற்கும் அதிகாரம் தரும் பத்திரம்) வந்தால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி, இங்கே முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். "அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா" என்பதெல்லாம் கோர்ட்டில் செல்லாது.

அப்புறம் வழக்கமானது: தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா. அடிமனை, அதாவது வீடு நிற்கிற நிலம், யாருடையது என்று தனியாக விசாரியுங்கள், கோயில் நிலமோ வக்ஃபு நிலமோ என்றால் நீங்கள் வாங்குவது சுவரை மட்டும்தான்.

வளவு வீடு, அதாவது ஒரே வளாகத்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடு, மலிவாகக் கிடைக்கும். ஆனால் பொதுச்சுவர், பொதுக்கிணறு, பொதுநடை மூன்றும் பத்திரத்தில் வார்த்தையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்கிற அன்றைக்குச் சண்டை தொடங்கும்.

ஆற்றங்கரைப் பக்கம் என்றால் தெருவில் வயதான ஆச்சி ஒருவரைப் பிடித்து, 1992 வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது, 2023 டிசம்பரில் எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

பதிவுச் செலவு, அரசின் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதில் 9 சதவீதம். 10 லட்சம் வரையுள்ள வீட்டைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து 1 சதவீதம் குறைவு. பதிந்த கையோடு பட்டா, வீட்டுவரி, குடிநீர் இணைப்பு எல்லாவற்றிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.

மலையடிவாரத்துப் பக்கம் போனால் சிறுத்தை நடமாட்டத்தையும் விசாரியுங்கள், 2024இல் வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துத்தான் பிடித்தார்கள். ஆனால் தினசரித் தொல்லை என்னவோ குரங்குதான். ஓட்டு வீடு என்றால் வருடத்துக்கு எத்தனை ஓடு மாற்றுகிறார்கள் என்று கேட்டு, விலை பேசும்போதே அதைக் கழித்துவிடுங்கள்.