புரூஃப் வாங்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் முதல் பொதுத் தபால்தலைகள் 1847 ஜூலை 1-ஆம் தேதி வெளிவந்தன. ஐந்து சென்ட்டில் ஃபிராங்க்ளின், பத்து சென்ட்டில் வாஷிங்டன். இவற்றின் புரூஃப் (சோதனை அச்சு) என்று கெட்டி அட்டையில் அச்சான ஒன்று கையில் கிடைத்ததும், 1847-இலேயே எடுத்த அச்சு என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. பெரிய தவறே இதுதான். அந்தத் தலைகளை அச்சிட்ட தகடுகள் 1851-லேயே அழிக்கப்பட்டுவிட்டன. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்காக, அதற்கு முந்தைய ஆண்டில் அரசு அச்சகம் புதிதாக டை (படம் செதுக்கிய மூல எஃகு அச்சு) செதுக்கியது. அட்டைப் புரூஃப்கள் அந்தப் புது டையின் வழி வந்தவை.

லென்ஸை எடுத்து ஐந்து சென்ட் தலையைப் பாருங்கள். ஃபிராங்க்ளினின் வெள்ளைச் சட்டைக் கொசுவத்தின் இடது ஓரம் முட்டைவடிவச் சட்டத்தை எங்கே தொடுகிறது? அசலில் கீழேயுள்ள ‘ஃபைவ்’ என்ற சொல்லின் முதல் எழுத்தின் உச்சி மட்டத்தில். மறு செதுக்கலில், 5 என்ற எண்ணின் உச்சி மட்டத்தில். அச்சு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவத்தின் சோதனை அச்சுதான் புரூஃப். நிராகரிக்கப்பட்டதோ, பிறகு மாற்றப்பட்டதோ என்றால் அது எஸ்ஸே. நிறம் மட்டும் வேறாக இருந்தால் எஸ்ஸே ஆகிவிடாது; அது நிறச் சோதனைப் புரூஃப். இதில் தபால்தலை அட்டவணை போடுபவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 1861-இல் நேஷனல் பேங்க் நோட் நிறுவனம் தயாரித்த ஒரு தொகுதியை வெளியான தலைகள் என்றே வெகுகாலம் பட்டியலிட்டு வந்தார்கள். அதில் பத்து சென்ட்தான் முறையாகத் தபாலுக்குப் போனது. மற்றவற்றில் பெரும்பாலானவை இப்போது எஸ்ஸே, நிறச் சோதனை வரிசையில் இருக்கின்றன.

கோடு இரட்டையாகத் தெரிந்தால் செதுக்கியவரின் கை தவறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். பாவம், அவர் செதுக்கியது ஒரே ஒரு டை, அதுவும் இடவலம் மாறி. அதைக் கெட்டிப்படுத்தி, மென் எஃகு உருளையில் அழுத்தி, உருளையையும் கெட்டிப்படுத்தி, தகட்டில் தலைக்கு ஒருமுறை உருட்டுவார்கள். அந்த உருட்டலில் இடம் பிசகினால்தான் பெரும்பாலும் இரட்டைக் கோடு விழும்.

அப்புறம் ‘இந்தியா பேப்பர்’. பெயரைப் பார்த்து நம் ஊர்க் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். புரூஃப் எடுக்கப் பயன்பட்ட இது, சீனாவிலிருந்து வந்த மெல்லிய, மையை நன்றாக உறிஞ்சும் காகிதம். தகட்டிலிருந்து எடுத்த புரூஃபைத் தலையின் விளிம்போடு வெட்டி, பெரிய அட்டையில் பதித்து, டையிலிருந்தே நேராக எடுத்த புரூஃப் போலத் தோன்றச் செய்தவையும் உண்டு. அட்டையில் டை அழுந்திய பள்ளம் தெரிகிறது என்பதால் மட்டும் நம்பக் கூடாது. மெல்லிய காகிதம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். படத்தின் ஓரத்தோடு நின்றுவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஏமாற்று வேலை வேறு விதமாகவும் நடக்கும். அட்டைப் புரூஃபின் முதுகைச் சுரண்டி மெலிதாக்கி, ஓரத்தில் துளையிட்டு, பசை தடவினால் ‘பயன்படுத்தாத தலை’ தயார். துளைகளை வெட்டிவிட்டுத் தலையையே புரூஃப் என்று விற்பதும் உண்டு.

உறையிலிருந்து தலையைப் பிரிக்கும் பழக்கத்தில் புரூஃபைத் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்தியா பேப்பர் அட்டையை விட்டுக் கழன்று வந்துவிடலாம்.