யூசர் சர்வீஸ்ல பண்ணக்கூடாத தப்புங்க: ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு

நம்ம கரைப் பக்கம் மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, ஜெராக்ஸ் கடைன்னு எங்கிட்டுப் போனாலும் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல மூணு நாலு பேரு லாகின் வச்சிருப்பாங்க. ஓனருக்கு ஒண்ணு, கணக்குப்புள்ளைக்கு ஒண்ணு, விடியக்காலம் எடை போடுற பையனுக்கு ஒண்ணு. உபுண்டுவோ டெபியனோ போட்டுக்கிட்டு, எடைச்சீட்டு ஃபைல இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுக்குறது, ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் விடுற கடல் நிலை அறிவிப்ப எறக்கி வைக்கிறது, சிங்திங் மாதிரி ஃபைல் சிங்க் பண்றதுன்னு சின்னச் சின்ன சோலிய பின்னால ஓட விடுவாங்க. அத சிஸ்டம்டி (லினக்ஸ்ல பின்னால ஓடுற சோலியக் கிளப்பி நிறுத்தி மேய்க்கிற புரோகிராம்) யூசர் சர்வீஸா, அதாவது ஒரு யூசர் பேருல மட்டும் ஓடுற சோலியா போட்டா, ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) பாஸ்வேர்டு யாருக்கும் குடுக்க வேண்டியதில்ல, நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கப்புறம்தான் "அண்ணே, நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலண்ணே"ன்னு போன் வரும்.

முக்கால்வாசி குழப்பத்துக்கு காரணம் ஒண்ணுதான். சிஸ்டம்டில மெஷினுக்குன்னு ஒரு மேனேஜர் ஓடுது, அது போக ஒவ்வொரு யூசருக்கும் தனியா ஒரு மேனேஜர் ஓடுது. அந்த யூசர் மொதல்ல லாகின் ஆகும்போது அது எந்திரிக்கும், அவரோட கடைசி செஷன் மூடுனதும் படுத்துரும். அதே ஆளு ரெண்டு எடத்துல லாகின் பண்ணாலும் மேனேஜர் ஒண்ணுதான்.

அப்ப மொத தப்பு என்னன்னா, லாகவுட் பண்ணாலும் சர்வீஸ் ஓடிக்கிட்டே இருக்கும்னு நம்புறது. எடை போடுற பையன் வேலைய முடிச்சிட்டு ஒழுங்கா லாகவுட் பண்ணிட்டுப் போவான், அவன் பேருல ஓடுன காப்பி சர்வீஸும் கூடவே போயிரும், ஓனரு மத்தியானம் வந்து பாத்தா பாதி சீட்டுதான் வந்திருக்கும். கரண்ட் போயி வந்தாலும் இதே கததான், மெஷின் தானா பூட் ஆகி லாகின் ஸ்கிரீன்ல நிக்கும், யாரும் உள்ள போகாத வரைக்கும் எந்த யூசர் சர்வீஸும் கிளம்பாது. இதுக்குத்தான் லிங்கர்னு ஒண்ணு இருக்கு. லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்னு போட்டு பக்கத்துல யூசர் பேரக் குடுத்தா, பூட் ஆனதுமே அந்த யூசரோட மேனேஜர் எந்திரிச்சிரும், லாகவுட் ஆனாலும் போகாது. போட்டாச்சான்னு பாக்கணும்னா வார், லிப், சிஸ்டம்டி, லிங்கர்ங்கிற ஃபோல்டருக்குள்ள அந்த யூசர் பேருல ஒரு காலி ஃபைல் இருக்கான்னு பாருங்க, அவ்ளோதான். அதுக்காக எல்லா யூசருக்கும் போட்டு விடாதீங்க, யாரோட சர்வீஸ் ஆளில்லாம ஓடணுமோ அவருக்கு மட்டும் போதும். ஹோம் ஃபோல்டர என்கிரிப்ட் பண்ணி, பாஸ்வேர்டு குடுத்தாதான் தொறக்கும்னு வச்சிருந்தா லிங்கர் போட்டும் புண்ணியமில்ல, சர்வீஸ் ஃபைலே பூட்டுக்குள்ளதான கெடக்கும்.

அடுத்தது சூடோ வியாதி. எதுக்கெடுத்தாலும் கமாண்டுக்கு முன்னாடி சூடோ (ரூட் அதிகாரத்துல ஓட்டுறது) போட்டுப் பழகிட்டோம், யூசர் சர்வீஸுக்கும் சூடோ போட்டு, சிஸ்டம்டிக்கு உத்தரவு குடுக்குற சிஸ்டம்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் யூசர்னு அடிச்சா அது ரூட்டோட மேனேஜரத் தேடிப் போகும், உங்களது இல்ல. பாதி நேரம் பஸ்ஸோட (மேனேஜர்கிட்ட பேசுற வழி) கனெக்ட் ஆக முடியலன்னு ஒரு எரர் வரும். சூ போட்டு வேற யூசரா மாறிக்கிட்டு உள்ள போனாலும் இதே எரர்தான், ஏன்னா பஸ் எங்க இருக்குன்னு காட்டுற எக்ஸ்டிஜி ரன்டைம் டிர்ங்கிற வேரியபிள் அந்த ஷெல்லுல சரியா செட் ஆகியிருக்காது. எஸ்எஸ்எச்ல (நெட்வொர்க் வழியா டெர்மினல்ல உள்ள போறது) நேரா அந்த யூசராவே லாகின் பண்ணுங்க, இல்ல மெஷின்சிடிஎல் ஷெல் போடுங்க. 2021ல வந்த சிஸ்டம்டி 248ஆவது வெர்ஷன்லேருந்து அதே சிஸ்டம்சிடிஎல் கமாண்டுல ஹைஃபன் பெரிய எம் போட்டு யூசர் பேரு பக்கத்துல அட் குறி வச்சா ரூட்லேருந்தே அவரோட சர்வீஸத் தொடலாம். சூடோ போட்டு சர்வீஸ் ஃபைல எழுதுறது இன்னும் மோசம். ஃபைல் ரூட் பேருல போயிரும், அப்புறம் அந்தப் பையன் தன் ஃபோல்டர்ல இருக்குற தன் ஃபைலயே திருத்த முடியாம நிப்பான்.

நெட்டுல கெடைக்கிற சர்வீஸ் ஃபைல அப்படியே எடுத்து ஒட்டுறது மூணாவது. அதெல்லாம் பெரும்பாலும் சிஸ்டம் சர்வீஸுக்கு எழுதுனது. கடைசி வரில வாண்டட்பை மல்டி-யூசர் டாட் டார்கெட்னு இருக்கும். டார்கெட்னா எதெல்லாம் சேந்து கிளம்பணும்னு குறிக்கிற கூட்டுப் பேரு. யூசர் மேனேஜருக்குள்ள அப்படி ஒரு டார்கெட்டே கெடையாது. எனேபிள் பண்ணா பண்ணிக்கும், லிங்க்கும் போடும், ஆனா பூட்ல ஒண்ணுமே கிளம்பாது. புது வெர்ஷன்ல இல்லாத யூனிட்னு (சர்வீஸ், டார்கெட், டைமர் எல்லாத்துக்கும் பொதுப் பேரு யூனிட்) ஒரு வரி எச்சரிக்கை வரும், அத யாரு படிக்கிறா. அந்த எடத்துல டீஃபால்ட் டாட் டார்கெட்னு போடணும். யூசர் ஈக்வல் டுன்னு ஒரு வரி இருந்தா தூக்கிருங்க, ஏற்கனவே அந்த யூசராத்தான் ஓடுது, வேற ஆளா மாற அதுக்கு அதிகாரமும் கெடையாது.

அதே ஃபைல்ல ஆஃப்டர் நெட்வொர்க்-ஆன்லைன் டாட் டார்கெட்னும் (நெட் வந்தப்புறம் கிளம்புன்னு அர்த்தம்) இருக்கும், இதுலதான் நம்ம பக்கம் நெறைய பேரு மாட்டுறாங்க. யூசர் மேனேஜருக்கு சிஸ்டம் பக்கத்து யூனிட்டுக தெரியாது, அதனால அந்த வரி எதுக்கும் காத்திருக்காது. கம்ப்யூட்டர் பூட் ஆகி டாங்கிள்ல சிக்னல் புடிக்க நேரமாகும், அதுக்குள்ள சர்வீஸ் எந்திரிச்சு நெட் இல்லன்னு விழுந்துரும். ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர்னு மட்டும் போட்டு வச்சிருந்தா இன்னொரு கூத்து நடக்கும். மறுபடி கிளம்ப எவ்ளோ பொறுக்கணும்னு நீங்க சொல்லலன்னா அது 100 மில்லிசெகண்ட்தான் பொறுக்கும். 10 செகண்டுக்குள்ள 5 தடவ கிளம்பிட்டா ஸ்டார்ட் லிமிட்ல முட்டி, இனிமே முடியாதுன்னு ஒக்காந்துரும். நெட் வந்தப்புறமும் எந்திரிக்காது. ரீஸ்டார்ட்செக் 30னு ஒரு வரி சேத்துட்டா அர நிமிஷத்துக்கு ஒருக்கா முட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும், சிக்னல் வந்ததும் புடிச்சுக்கும். எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு வரிதான் நம்ம ஊரு நெட்டுக்கு ரொம்ப உதவுறது.

டெர்மினல்ல ஓடுது, சர்வீஸ்ல ஓடலன்னு சொல்றவங்க பாஷ்ஆர்சிய (டெர்மினல் தொறக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்) நம்பி இருப்பாங்க. அத சர்வீஸ் படிக்காது. வேரியபிள் வேணும்னா டாட்கான்ஃபிக்குக்குள்ள என்விரான்மென்ட் டாட் டிங்கிற ஃபோல்டர்ல எழுதுங்க, இல்லன்னா சர்வீஸ் ஃபைல்லயே என்விரான்மென்ட் வரி போடுங்க. எக்ஸெக்ஸ்டார்ட் வரில டில்டே குறியும் வேலைக்காகாது, ஹோமுக்கு சதவீதக் குறி எச்னு போடணும். பைப், அவுட்புட்ட ஃபைலுக்குத் திருப்புற குறி இதெல்லாம் ஷெல்லோட சமாச்சாரம், வேணும்னா தனி ஸ்கிரிப்ட்ல எழுதி அதக் கூப்பிடுங்க. அந்த ஸ்கிரிப்ட் கடைசில ஆம்பர்சாண்ட் போட்டு பின்னால தள்ளாதீங்க, மெயின் புராசஸ் முடிஞ்சதும் மிச்சத்தையும் சிஸ்டம்டி சேத்தே கொன்னுரும்.

சர்வீஸ் ஃபைலத் திருத்துனா டீமன்-ரீலோட் போடணும், அப்பத்தான் சிஸ்டம்டி புதுசப் படிக்கும். எனேபிள் (அடுத்த தடவ தானா கிளம்ப) வேற, ஸ்டார்ட் (இப்பவே கிளம்ப) வேற, ரெண்டும் ஒண்ணா வேணும்னா எனேபிள் கூட ஹைஃபன் ஹைஃபன் நவ்.

டைமர், அதாவது குறிச்ச நேரத்துல சர்வீஸக் கிளப்புறது, அதப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போயி மறுநாள் காலைல கரைக்கு வரும். அப்ப எடைச்சீட்டு காப்பிக்கு செவ்வாய், வியாழன், ஞாயிறுன்னு டைமர் ஃபைலோட ஆன்கேலண்டர் வரில போட்டாப் போதும், தெனமும் ஓட்ட வேண்டியதில்ல. கூடவே பெர்சிஸ்டென்ட் ட்ரூ போடாம விட்டா, அந்த நேரத்துல கரண்ட் இல்லன்னா அன்னைக்குக் காப்பி போச்சு. போட்டிருந்தா மெஷின் வந்ததும் விட்டுப்போனத ஓட்டும். தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மெஷின மூடி வச்சுட்டுத் தொறந்தா விட்டது பூராம் வரிசையா ஓடுமோன்னு பயப்பட வேண்டாம், எத்தன விட்டிருந்தாலும் ஒரே ஒரு தடவதான் ஓடும். ஆனா யூசர் டைமருக்கும் லிங்கர் வேணும், இல்லன்னா யாராச்சும் லாகின் பண்ற வரைக்கும் அதுவும் தூங்கும்.

கட முழுக்க எல்லாருக்கும் பொதுவான சோலின்னா, உதாரணத்துக்கு எடை மெஷின்லேருந்து டேட்டா வாங்குறது, அத யூசர் சர்வீஸா போடவே போடாதீங்க. சிஸ்டம் சர்வீஸா போட்டு அங்க யூசர் வரிய எழுதுங்க, அந்த வரிக்கு எடம் அதுதான். குளோபல்னு போட்டு எல்லா யூசருக்கும் ஒரே சர்வீஸ எனேபிள் பண்றவங்களும் இருக்காங்க, ஒரே போர்ட்ட மூணு பேரு சர்வீஸும் கேட்டா மொதல்ல வந்தவருக்குத்தான் கெடைக்கும், மத்த ரெண்டும் எரர்ல நிக்கும்.

எரரப் பாக்குறதுக்கு ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் யூசர் ஹைஃபன் யூ, அப்புறம் சர்வீஸ் பேரு. லிங்கர் வேலை செய்யுதான்னு சோதிக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மெஷின ரீபூட் பண்ணிட்டு வீட்லேருந்து எஸ்எஸ்எச்ல அதே யூசரா உள்ள போயி பாத்தீங்கன்னா சர்வீஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், ஏன்னா நீங்க லாகின் பண்ணதாலதான் அது எந்திரிச்சதே. வேற யூசரா உள்ள போயி, யூசர் அட் 1000 டாட் சர்வீஸ்னு அந்த ஆளோட யூசர் நம்பரக் குடுத்து ஸ்டேட்டஸ் பாருங்க, எந்த நேரத்துலேருந்து ஆக்டிவ்னு ஒரு வரி வரும், அது பூட் ஆன நேரத்தோட ஒத்துப்போகணும்.