கப்பலோட வயித்துக்குள்ள டூர் போறவங்க பண்ற தப்புங்க

போன மாசம் சிங்கப்பூர் மரினா பே குரூஸ் சென்டர்ல செக்-இன் லைன்ல நிக்கிறேன், எனக்கு முன்னாடி ஒரு இளம் ஜோடி, நம்ம தமிழ்ப் பிள்ளைங்கதான், அந்தத் தம்பி பொண்டாட்டிகிட்ட பெருமையா சொல்றான், "பிஹைண்ட் த சீன்ஸ் டூரை கடைசி நாளைக்குப் போட்டுட்டேன், அன்னிக்குத்தான் நமக்கு வேற வேலையே இல்ல". எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. ஏன்னா கிட்டத்தட்ட இதே இடத்துல நின்னு இதே வார்த்தைய நான் என் மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போயி புத்தி சொன்னா 'யாருடா இந்த அங்கிள்'னு பாப்பாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். அங்க சொல்லாததை இங்க கொட்டுறேன்.

இந்த டூர் என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பயணிங்க போக முடியாத இடங்கள், அதாவது பெரிய கிச்சன், லாண்டரி, குப்பை ரூம், தியேட்டர் பின்பக்கம், இன்ஜின் கன்ட்ரோல் ரூம், கப்பலை ஓட்டுற பிரிட்ஜ், இதையெல்லாம் பத்து பதினஞ்சு பேரைச் சேத்து ரெண்டரை மூணு மணி நேரம் சுத்திக் காட்டுவாங்க. கம்பெனிக்கு கம்பெனி பேரும் வேற விலையும் வேற, நான் அஞ்சு தடவை போயிருக்கேன், அஞ்சு தடவையும் ஆளுக்கு 100 அமெரிக்க வெள்ளிக்கு மேலதான் கட்டினேன்.

மூடின ஷூ போடணும், நேரத்துக்கு வரணும், கேபின் கார்டு எடுத்துட்டு வரணும், இதெல்லாம் டிக்கெட்லயே போட்டிருக்கும். அதையும் படிக்காம ஜப்பான் செருப்போட வந்து நிக்கிறவங்களுக்கு நான் எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

இன்ஜினைத் தொட்டுப் பாக்கலாம்னு நெனைக்கிறது

முடியாது. உங்களைக் கூட்டிட்டுப் போறது இன்ஜின் ரூமுக்கு இல்ல, இன்ஜின் கன்ட்ரோல் ரூமுக்கு. ஏர்கான் போட்ட ஒரு பெரிய ஆபீஸ், சுவர் முழுக்க ஸ்கிரீன், நாலு பேரு உக்காந்து பாத்துட்டிருப்பாங்க, அவ்ளோதான். முதல் தடவை நானும் 'இதுக்கா இவ்ளோ காசு'ன்னு முனகினவன்தான். அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அந்த ஸ்கிரீன்ல என்ன பாக்கணும்னு எனக்குத் தெரியல, அதான் விஷயம்.

இப்ப இருக்கிற பெரிய குரூஸ் கப்பல் எல்லாம் பெரும்பாலும் ஒரு மிதக்கிற பவர் ஸ்டேஷன் மாதிரி. இன்ஜின் நேரா கப்பலைத் தள்ளுற விசிறியைச் சுத்தாது, இன்ஜின் கரண்ட் தயாரிக்கும், அந்தக் கரண்ட்லதான் விசிறியும் சுத்துது, உங்க ரூம் ஏர்கானும் ஓடுது, பஃபேல பரோட்டா கல்லும் சூடாகுது. நம்ம ஊர்லேந்து போற குவாண்டம் வகைக் கப்பலுக்கு அடியில ரெண்டு 'பாட்' தொங்குது, ஒவ்வொண்ணும் 20.5 மெகாவாட், மோட்டர் அதுக்குள்ளேயே இருக்கு, முழுசா சுத்தித் திரும்பும், அதனால தனியா சுக்கான் கிடையாது. அதனால கன்ட்ரோல் ரூம்ல கேக்க வேண்டிய கேள்வி, "இப்ப எத்தனை இன்ஜின் ஓடுது, அதுல எவ்ளோ தள்ளுறதுக்கு, எவ்ளோ ஏர்கானுக்கு?" இந்தக் கேள்வியைக் கேட்டா அந்த இன்ஜினியர் முகம் மலர்றத நானே பாத்திருக்கேன். இன்னொண்ணு, குடிதண்ணி. இன்ஜின்ல வீணாப் போற சூட்டை வெச்சே கடல்தண்ணியக் காய்ச்சி நல்ல தண்ணி எடுக்கிறாங்க, காத்தை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைச்சுட்டா 100 டிகிரி வரைக்கும் போக வேணாம், கம்மிச் சூட்டுலயே கொதிச்சுடும். கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணின நியூவாட்டருக்குப் பழகின நமக்கு இது பெரிய அதிசயமா தெரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கும்.

கடைசி நாளுக்கு ஸ்லாட் எடுக்கிறது

இதத்தான் சொல்ல வந்தேன், மத்ததெல்லாம் ஊறுகா.

சிங்கப்பூர்லேந்து நாலு ராத்திரி டிரிப் எப்படி இருக்கும்னு பாருங்க. முதல் நாள் ஏறுவீங்க, ரெண்டாவது நாள் பினாங்கு, மூணாவது நாள் புக்கெட், நாலாவது நாள் முழுக்க கடல், அஞ்சாவது நாள் காலையில வீடு. நான் குடும்பத்தோட போன அந்த டிரிப்புல டூருக்கு ரெண்டு ஸ்லாட் இருந்துச்சு. ஒண்ணு பினாங்கு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி ரெண்டாவது நாள் காலையில 8.30 மணிக்கு, இன்னொண்ணு நாலாவது நாள் காலையில. நான் என்ன பண்ணேன், "விடிஞ்சதும் யாரு போவா, நிம்மதியா பசியாறிட்டு கடைசி நாள் போலாம்"னு நாலு பேருக்கும் கடைசி நாளைப் போட்டேன். நாலு பேருன்னா நான், மச்சான், தங்கச்சி, அப்பா.

இந்த டூரே அப்பாவுக்காகத்தான். அவரு செம்பவாங் கப்பல் யார்டுல 27 வருஷம் வெல்டர். ட்ரை டாக்குல தண்ணிய இறைச்சு கப்பலை உக்கார வெச்சதும், அதுக்கு அடியில நின்னு அண்ணாந்து பாத்துப் பாத்தே காலத்தை ஓட்டினவரு. இன்ஜின் ரூம், கப்பல் சாயாம நிக்க தண்ணி நிரப்புற பாலஸ்ட் டாங்கு, எங்கெங்க இருட்டோ அங்கெல்லாம் ஊர்ந்து போயிருக்காரு. பிரிட்ஜுக்கு மட்டும் ஏறினதில்ல, 'நமக்கு அங்க என்ன வேலை'ம்பாரு. சரி, இவர ஒரு தடவை ராஜா மாதிரி கூட்டிட்டுப் போயி அங்க நிக்க வெச்சுடணும்னு ஆசை.

அது ஜூன் மாசம். இங்க வளந்தவங்களுக்கு சுமத்ரா காத்து தெரியும்தானே, தென்மேற்குப் பருவத்துல விடியக்காலையில சுமத்ரா பக்கத்துலேந்து திடீர்னு கறுத்துக்கிட்டு வந்து, ஜன்னல் கதவெல்லாம் படபடன்னு அடிச்சு, ஒரு மணி ரெண்டு மணி நேரம் கொட்டித் தீத்துட்டுப் போகுமே, அதேதான். அது பொறக்கிறதே இந்த மலாக்கா நீரிணை பக்கத்துலதான். நாம அன்னிக்கு நடுவுல இருக்கோம். நாலாவது நாள் காலையில எழுந்து பாக்கிறேன், பால்கனி கம்பிக்கு அப்பால ஒண்ணுமே தெரியல, வெள்ளைத் துணி தொங்க விட்ட மாதிரி மழை.

டூர் ஆரம்பிச்சுச்சு, கிச்சன் பாத்தோம், லாண்டரி பாத்தோம், எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசியில லிஃப்ட் முன்னாடி நிக்க வெச்சு அந்தப் பொண்ணு சொல்லுது, "சாரி, பிரிட்ஜ் ரெட்ல இருக்கு, இன்னிக்கு விசிட்டர்ஸ் அனுமதி இல்ல". ரெட்னா என்னன்னு அப்புறம் ஒரு ஆபீசர்தான் விளக்கினாரு. பிரிட்ஜுக்கு பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நிலை வெச்சிருக்காங்க. நடுக்கடல், தெளிவான வானம்னா பச்சை. கண்ணு தெரியாத மழை, நெருக்கமான கப்பல் போக்குவரத்து, துறைமுகத்துக்கு வழிகாட்டுற பைலட் ஏறுற நேரம்னா மேல போயிடும், கூடுதல் ஆளு வந்து நிப்பாங்க, பேச்சு கூட வேலைப் பேச்சு மட்டும்தான், வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு இடமே கிடையாது. நியாயம்தான், மீன்பிடி படகுங்க நடுவுல மழையில போறப்ப என்னை மாதிரி ஆளு போயி செல்ஃபி எடுத்தா நல்லாவா இருக்கும்.

மத்தியானம் வெயில் அடிச்சுச்சு. ஓடினேன் கவுன்டருக்கு. "இப்ப மழை இல்லியே, அப்பாவ மட்டுமாவது கூட்டிட்டுப் போங்க". கேட்டு வந்து சொன்னாங்க, சாயங்காலம் போர்ட் கிள்ளான் பக்கம் ஒன் ஃபேதம் பேங்க்ங்கிற ஆழம் கம்மியான கடல் மேட்டைத் தாண்டப் போறோம், அங்கேந்து சிங்கப்பூர் வரைக்கும் போற கப்பலுக்கு ஒரு லேன், வர்ற கப்பலுக்கு ஒரு லேன்னு பிரிச்ச பாதை, உலகத்துலயே ரொம்ப நெருக்கடியான பாதைகள்ல ஒண்ணு, இனிமே குரூப் ஏத்த மாட்டாங்க. நாளைக்கு? நாளைக்குக் காலையில சிங்கப்பூர், இறங்கணும். முடிஞ்சுச்சு.

காசு? டூர்ல எந்த இடம் வேணும்னாலும் மாறலாம்னு பொடி எழுத்துல போட்டிருக்காம். நாலு பேருக்கு 500 வெள்ளிக்கு மேல போச்சு, பதிலுக்கு ஆளுக்கு ஒரு தொப்பி குடுத்தாங்க. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சட்டப்படி அவங்க சரி, எனக்கு இன்னமும் எரியுது, அது வேற.

எரியிறது அவங்க மேல இல்ல, என் மேல. ரெண்டாவது நாள் ஸ்லாட் எடுத்திருந்தா, பிரிட்ஜ் மூடினாலும் 'நாலாவது நாள் குரூப்போட எங்களையும் சேத்துக்கோங்க'ன்னு கேட்டிருக்கலாம். அப்புறம் ஒரு டிரிப்ல அப்படித்தான் கேட்டேன், சேத்துக்கிட்டாங்க. கடைசி நாள் எடுத்தா தள்ளிப்போட நாளே கிடையாது. ஒரு பிளேட் பஃபே பரோட்டாவுக்காக விட்டேன். நீங்க புக் பண்ணுறப்ப எந்த ஸ்லாட் முதல்ல வருதோ அத எடுங்க, தூக்கம் கெட்டாலும் பரவால்ல. அதோட கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழையிற நேரத்துக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் இருக்கான்னு பாத்துக்கோங்க, பைலட் ஏறிட்டா அதே கதைதான்.

போன்

உள்ள வை.

கிச்சனை மட்டும் காட்டுற டூரை முழு டூர்னு நெனைக்கிறது

கப்பல்ல கேலி டூர்னு ஒண்ணு இருக்கும். கேலின்னா கிண்டல் இல்ல, கப்பல் கிச்சன். சில கப்பல்ல சும்மாவே காட்டுவாங்க, சிலதுல சின்னதா காசு. அதுல பிரிட்ஜும் வராது, இன்ஜினும் வராது. விலை கம்மியா இருக்கேன்னு குதிக்காம என்னென்ன இடம்னு வரி வரியா படிங்க.

குப்பை ரூம்ல மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுறது

அஞ்சு டூர்லயும் பாதிப் பேரு இங்கதான் வாட்ஸ்அப் பாப்பாங்க. எனக்கு பிரிட்ஜுக்கு அடுத்து இதான் பிடிக்கும். கிளவுஸ் போட்ட ஆளுங்க ஒவ்வொரு பையையும் மேசை மேல கொட்டி கையாலயே பிரிக்கிறாங்க, கண்ணாடி ஒரு பக்கம், டின் ஒரு பக்கம், உங்க ரூம்ல நீங்க கண்டபடி போட்ட பாட்டரி வரைக்கும். பிளாஸ்டிக்க கடல்ல எங்கயுமே போடக் கூடாது, சர்வதேசச் சட்டம். மிச்சச் சாப்பாட்ட அரைச்சு 25 மில்லிமீட்டருக்குள்ள ஆக்கினாத்தான் கரையிலேந்து 3 கடல் மைலுக்கு அப்பால விடலாம், அதுவும் சில கடல்ல இன்னும் கடுமை. பஃபேல கியாசுத்தனமா, அதாவது விட்டா போயிடுமேன்னு, மலை மாதிரி அள்ளி மிச்சம் வெச்சது கடைசியில எந்த மிஷினுக்குள்ள போகுதுன்னு பாத்தப்புறம் எங்க தங்கச்சி ரெண்டாவது பிளேட் எடுக்கவே இல்ல.

வேலை செய்றவங்ககிட்ட சம்பளம் கேக்கிறது

கப்பலுக்குள்ள கீழ்த்தளத்துல நீளமா ஒரு நடைபாதை, முன்னாலேந்து பின்னால வரைக்கும் போகும், அமெரிக்கா ஹைவே பேரை வெச்சு ஐ-95னு கூப்பிடுவாங்க. பிரிட்டிஷ் கப்பல்காரங்க அதையே பர்மா ரோடும்பாங்க, அத கேட்டதும் அப்பா ஜப்பான்காரன் காலத்துல சயாம்-பர்மா ரயில் போடப் போயி திரும்பி வராத எங்க பெரிய தாத்தா கதைய ஆரம்பிச்சுட்டாரு, அது வேற பர்மா இது வேற பர்மான்னு சொன்னாலும் நிறுத்தல. அங்க ஓரமா நடங்க, ஃபோர்க்லிஃப்ட் வரும்.

லாண்டரியில ஒரு தூத்துக்குடித் தம்பி. பெட்ஷீட்ட ஒரு பக்கம் விடுறான், உருளைக்குள்ள போயி மறுபக்கம் இஸ்திரி போட்டு மடிச்சு வருது, அந்தச் சூட்டுல அவன் சட்டை முதுகோட ஒட்டியிருக்கு. நம்ம குரூப்ல ஒரு அக்கா தமிழ் கேட்ட சந்தோஷத்துல, "தம்பி, கையில எவ்ளோ நிக்கும்?" சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறாரு. அவன் சிரிச்சுட்டு அடுத்த ஷீட்ட எடுத்தான், வேற என்ன பண்ணுவான். பேசணும்னா எந்த ஊரு, கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு கேளுங்க, அதுக்கு முகம் மலர்ந்து நாள் கணக்கா சொல்லுவாங்க. வேலை நேரம் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா கூட்டிட்டுப் போறவங்ககிட்ட கேளுங்க, 24 மணி நேரத்துல 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வுன்னு கடல் தொழிலாளர் ஒப்பந்தத்துல விதியே இருக்கு.

பிரிட்ஜ்ல பெரிய சக்கரத்தைத் தேடுறது

இருக்காது. கம்ப்யூட்டர் கேம் ஸ்டீரிங் சைஸ்ல ஒண்ணு இருக்கும்.

முட்டி வலிக்காரங்களைக் கடைசி வரைக்கும் யோசிக்காம விடுறது

செங்குத்தான இரும்புப் படி, கால் தூக்கி வைக்கிற மாதிரி உயரமான நிலைப்படி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கணும், உக்கார எங்கயும் நாற்காலி கிடையாது. வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா இந்த வருஷமே கூட்டிட்டுப் போங்க. அப்பாவுக்கு அதுக்கப்புறம் ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆயிடுச்சு, கூப்பிட்டாலும் வரல. அந்தத் தொப்பிய மட்டும் தினமும் போட்டுக்கிட்டு பிளாக்குக்குக் கீழ காப்பிக் கடைக்குப் போறாரு. யார்டுல கூட வேலை பாத்த கூட்டாளிங்க, "என்னப்பா, பிரிட்ஜ் எல்லாம் பாத்தியா?"ன்னா, "பாத்தேன் பாத்தேன், பெருசா ஒண்ணும் இல்ல"ன்னுட்டு பால் இல்லாத தே ஓ ஒண்ணு ஆர்டர் பண்றாரு.