பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய ஹார்டு டிஸ்க்: வாங்குவதும் மாட்டுவதும்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் எடைமேடை. மாங்காய் சீசனில் அங்கே லாரி வரிசை குறையாது. எடை போட்டு ரசீது அடிக்கும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 98தான் ஓடுகிறது. ஒருநாள் அதன் ஹார்டு டிஸ்க் டக், டக் என்று தட்ட ஆரம்பித்து நின்றுவிட்டது. "புது கம்ப்யூட்டர் வாங்கிட்டா இந்த சாஃப்ட்வேர் ஓடுமா தம்பி?" என்றார் உரிமையாளர். ஓடாது. நல்லவேளை, அந்த சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரைச் சிடியில் எழுதி வைத்திருந்தார். ஆக, தேவை ஒரு பழைய டிஸ்க் மட்டும்தான்.

முதலில் பெட்டியைத் திறந்து கேபிளைப் பாருங்கள். இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டையாக, 40 துளை கனெக்டரோடு இருந்தால் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. மெல்லியதாக இருந்தால் சாட்டா என்ற புதிய வகை. 2003 வாக்கில் வரத் தொடங்கியது. இந்தப் பதிவு ஐடிஇ பற்றியது.

அடுத்தது கொள்ளளவு. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கிவிடாதீர்கள். பழைய பயாஸ்களில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டில் உள்ள புரோகிராம்) பல 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. இன்னும் பழையவை 32 ஜிபியிலேயே திணறும், சில 8.4 ஜிபியோடு நின்றுவிடும். விண்டோஸ் 98இல் வரும், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் புரோகிராம், 64 ஜிபியைத் தாண்டினால் அளவைத் தப்பாகக் காட்டும். எடைமேடைக்கு நான் எடுத்தது 20 ஜிபி. அதுவே அதிகம்.

எங்கே கிடைக்கும்? கிருஷ்ணகிரியில் பழைய சர்வீஸ் கடைகளின் பரணில் தேடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு, பஸ் ஏறினால் 90 கிலோமீட்டர் சொச்சம். வாங்கும்போது கடையிலேயே கரண்ட் கொடுத்துக் காதை வைத்துக் கேளுங்கள். சீராகச் சுழலும் இரைச்சல் வரலாம், தட்டும் சத்தம் வரக் கூடாது. கீழே உள்ள பச்சை போர்டில் கருகல் இருந்தாலும், மேல்மூடி ஸ்க்ரூ திறக்கப்பட்ட அடையாளம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ் குலுக்கலில் லக்கேஜ் தட்டிலிருந்து விழுந்தால் அத்தோடு முடிந்தது.

இனி சோதனை. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் இதுதான் முக்கியம். ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, அதன் பவர் அடாப்டரோடு புதிய கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமை ஓட்டுங்கள். 05, சி5 என்ற இரண்டு வரிகள் போதும்: கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு துண்டுகள்), சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதால் 09இல் ஓடிய மணிநேரம் புரியாத எழுத்தாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சில கன்வெர்ட்டர்கள் இந்த விவரத்தையே அனுப்பாது.

பிறகு விண்டோஸ் 10இல் 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும், நேரம் பிடிக்கும். பழைய சொந்தக்காரரின் கல்யாண ஃபோட்டோவும் இதில் போய்விடும். திறந்து பார்க்காமலே அழிப்பதுதான் மரியாதை. முடிந்ததும் இன்னொரு முறை 05, சி5 பாருங்கள். கூடியிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். கூடவில்லை என்றால் அந்த பார்ட்டிஷனை, அதாவது ஃபார்மேட் செய்த பகுதியை, நீக்கிவிடுங்கள்.

அடுத்தது ஜம்பர், டிஸ்க்கின் பின்பக்க ஊசிகளில் மாட்டும் சின்ன மூடி. என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது இதுதான். கேபிளில் டிஸ்க் தனியாக இருந்தால் அதை மாஸ்டர் (முதல் டிஸ்க்) நிலையில் வைக்க வேண்டும், இன்னொன்றோடு இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் (இரண்டாம் டிஸ்க்). ஆனால் சில டிஸ்க்குகளில் 'சிங்கிள்' என்று தனி நிலை உண்டு; அது தனியாக இருக்கும்போது மாஸ்டர் போட்டால் பயாஸ் கண்டுகொள்ளாமல் போகலாம். லேபிளில் படம் போட்டிருக்கும், அதை நம்புங்கள்.

கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ஓரத்துச் சிவப்புக் கோடு பெரும்பாலும் பவர் பிளக் பக்கம் வரும். பவர் பிளக்கின் இரண்டு மூலை சீவியிருக்கும், பொருந்தவில்லை என்றால் அமுக்காதீர்கள். மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். தலைகீழாக ஏறினால் போர்டு புகையும்.

ஆன் செய்து பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். சரி, தெரிந்துவிட்டதா? கம்ப்யூட்டரைத் தொடங்க உதவும் 98 பூட் ஃபிளாப்பியில் எஃப்டிஸ்க் ஓட்டி பார்ட்டிஷன் போட்டு, அதை ஆக்டிவ் (அதிலிருந்தே பூட் ஆகும் பகுதி) ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்து ஃபார்மேட். இந்த வேலையை விண்டோஸ் 10இல் செய்யப் போனால், 98க்குத் தேவையான ஃபேட்32 ஃபார்மேட்டை 32 ஜிபிக்கு மேல் கேட்டும் கொடுக்காது. அப்புறம் 98ஐ நிறுவி, சிடியிலிருந்து அந்த ஃபோல்டரைத் திரும்ப வைத்தேன்.

எடைமேடையில் மறுநாள் காலை ரசீது வந்தது, தேதி மட்டும் தப்பு. மதர்போர்டில் இருந்த காசு பேட்டரி தீர்ந்திருந்தது. அதையும் மாற்றிவிட்டு, சிடியை இன்னொரு பிரதி எடுத்து அவர் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.